படத்தின் பின்புறம்

2015 நவம்பரில் கடலூர் வெள்ளத்தில் தத்தளித்தபோது எங்கள் பெற்றோரின் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கெடிலத்துக்குத் தென்பால் தாழ்ந்த மனையில் கட்டிய வீடு அது. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். வீட்டுப் பத்திரத்தையும் அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தையும் நெகிழிப் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியேறினோம். மரப் பீரோவின் அடித்தட்டில் கிடந்த ஆறு ஆல்பங்கள் எவர் நினைவுக்கும் வரவில்லை.

நான்காம் நாள் திரும்பி வந்தபோது அவை நீரை உறிஞ்சி இருமடங்கு பருத்திருந்தன. அறியாமையால் அப்போது ஒரு பிழை செய்தோம். பக்கங்களைப் பிரிக்காமல் ஆல்பங்களை அப்படியே மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். ஒளிப்படத் தாளின் முகப்பில் இருப்பது ஜெலட்டின். நீரில் ஊறினால் அது இளகும். அருகில் எது இருக்கிறதோ அதைப் பற்றிக்கொண்டு காயும். நனைந்த படங்களை ஈரம் உலருமுன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகப்பு மேல்நோக்க நிழலில் உலர்த்த வேண்டும் என்பதும், உடனே இயலாதெனில் ஃபிரிட்ஜின் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பின்னர் ஆற அமரச் செய்யலாம் என்பதும் பிற்பாடு அறிந்தவை. காய்ந்த ஆல்பத்தைத் திறந்தோம். எங்களுள் இளையவரின் காதுகுத்துப் படம் எதிர்ப்பக்கத்துத் திருப்பதிப் பயணத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது முகம் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமுமாகப் போயிற்று.

மிகப் பழைய படங்களே பிழைத்தன என்பதுதான் வியப்பு. 1974இல் சிதம்பரத்தில் நடந்த பெற்றோரின் திருமணப் படங்கள் கறுப்பு அட்டைத் தாளில், நான்கு முனைகளிலும் முக்கோணக் காகிதங்களில் செருகப்பட்டிருந்தன. பக்கங்களுக்கு இடையே மெல்லிய வெண்ணெய்த்தாள். காற்று புகும், வேண்டும்போது படத்தைக் கழற்றலாம். தொண்ணூறுகளில் நாங்கள் ஆசையோடு வாங்கிய ஆல்பங்களோ பசை தடவிய அட்டையும் அதன்மேல் கண்ணாடிபோன்ற நெகிழித் தாளும் கொண்டவை. உள்ளே புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. மேலும், கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் என்பது வெள்ளித் துகள். வண்ணப் படத்தில் அது சாயம். சாயத்தின் ஆயுள் வேறு.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிழைத்தவற்றைப் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் அடுக்கி, மூடியின்மேல் எண்ணிக்கையை எழுதி வைத்தார்: 214. தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் எண்ணி எழுதாமல் மூடமாட்டார். 2019இல் மறைந்தார்.

பிறகு 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, டிசம்பர் தொடக்கத்தில் கடலூரின் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. எங்கள் தெருவரை வரவில்லை. ஆயினும் அன்றிரவு தகரப்பெட்டியை அலமாரியின் உச்சியில் வைத்த பின்பே உறங்கினோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று மார்கழியும் கார்த்திகையும் இவ்வூரில் வெறும் மாதப் பெயர்களாக இருப்பதில்லை. தாளை இன்னொரு முறை தண்ணீர் தொடுமுன் படியெடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. காலையில் என்ன சமைத்தார் என்பதை மறப்பதில்லை, பெயர்களை மறக்கிறார். படத்தைக் காட்டினால், "இவ நல்லாப் பாடுவா, தாவணியில பூப்போட்டுக்குவா" என்கிறார். யாரம்மா என்று கேட்டால் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எங்கள்மேல் அன்று என்பதைப் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

செய்ய நினைத்த பொருளுக்கு முதலில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆல்பம் என்றால் படங்களை ஒட்டி வைப்பது. இன்று கடைகளில் போட்டோ புக் எனப்படுவது, படங்களையே தாளில் அச்சிட்டுக் கட்டும் நூல். ஒளிப்பட நூல் என்று நாங்கள் வழங்கினோம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று தமிழ்நாட்டில் மிக முன்பே உண்டு. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் தாம் எடுத்த படங்களை 1858இல் தொகுதிகளாக வெளியிட்டார். ஒளிப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் முறை அந்நாளில் இல்லை. ஆகவே குறிப்புகளை அச்சடித்து, படங்களை ஒவ்வொரு படியிலும் கையால் ஒட்டினார்கள். அத்தொகுதிகளில் படத்துக்கு உடன்பிறப்பாகக் குறிப்பும் இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். எங்கள் அலைச்சல் முழுதும் அதைப் பற்றியதே.

அலைச்சல் என்றோம். வேலைகளை முதலில் பங்கிட்டுக்கொண்டோம். மூத்தவர் சிதம்பரத்தில் இருக்கிறார். ஸ்டூடியோ அவர் பொறுப்பு. இளையவர் பெங்களூரில், இணையம் அவர் பொறுப்பு. நடுவில் பிறந்தவருக்குத் தமிழ் கற்பிப்பது தொழில். எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. இக்கட்டுரையும் அவ்வாறு விழுந்ததே.

முதலில் இணையத்தை நாடினோம். இளையவர் தம் மகளின் முதல் பிறந்தநாள் படங்களை அவ்வாறு நூலாக்கியிருந்தார், அழகாகவே இருந்தது. கைப்பேசிச் செயலியில் படங்களை ஏற்றினால் மென்பொருளே நாள்வரிசைப்படுத்திப் பக்கம் பிரித்துச் சில நிமிடங்களில் நூலைக் காட்டிவிடுகிறது. எங்கள் படங்களை ஏற்றியபோது அது ஒரு விந்தை செய்தது. கோப்பினுள் பதிந்திருக்கும் தேதியைக் கொண்டே அது வரிசைப்படுத்துகிறது. எங்கள் படங்கள் அனைத்தும் 2025 மார்ச்சில் ஸ்கேன் செய்யப்பட்டவை. ஆகவே 1974ஆம் ஆண்டுத் திருமணமும் 1988இல் தாத்தாவின் மறைவும் ஒரே நாளின் முற்பகல், பிற்பகல் நிகழ்ச்சிகளாயின. நாற்காலியில் சாய்த்து மாலையிட்ட தாத்தாவின் உடலைச் சுற்றிக் குடும்பத்தார் அமர்ந்த படத்துக்கு, மகிழ்ச்சியான தருணங்கள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பும் இளஞ்சிவப்புப் பூ ஓரமும் தாமாகவே வந்து சேர்ந்தன. தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இவற்றை மாற்றிக்கொள்ளலாம்; மாற்றினோம். மாற்ற முடியாதவை இரண்டு. ஒன்று, சட்டத்தின் அளவு. அதில் உள்ள சட்டங்கள் கைப்பேசிப் படங்களுக்கு ஏற்றவை. பழைய குழுப்படங்கள் அகலமானவை. சட்டத்தை நிரப்புவதற்காக மென்பொருள் இரு முனைகளையும் வெட்டிவிடுகிறது. குழுப்படத்தின் முனையில் நிற்பவர் யார்? நடுவில் மணமக்கள், பக்கத்தில் சம்பந்திகள், பிறகு வசதியுள்ள உறவினர். முனையில் நிற்பது சமையற்காரர், தூரத்து ஏழை உறவு, கூப்பிட்டபின் தயங்கித் தயங்கி வந்து நின்ற விதவை அத்தை. நூலாகும்போது முதலில் காணாமற்போகிறவர்கள் அவர்கள்தாம்.

மற்றொன்று எழுத்து. தமிழில் குறிப்பெழுத வசதி இருக்கிறதா என்று கேட்டதற்கு இருக்கிறது என்றார்கள். திரையில் முன்னோட்டம் பார்த்தபோது 'கொள்ளிடக்கரை, 1981' என்பது பழுதின்றித் தெரிந்தது. அச்சாகி வந்த மாதிரி நூலில் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தைத் தழுவி நின்றன. யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு அலகுகளில் சேமிக்கப்படுகிறது. அக்குறியைப் பிளந்து கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது எழுத்தைக் காட்டும் மென்பொருளின் கடமை. முன்னோட்டத்தைக் காட்டியது எங்கள் கணினியின் உலாவி. அதற்குத் தமிழ் தெரியும். அச்சுக்கோப்பை உருவாக்கியது நிறுவனத்தின் வேறொரு மென்பொருள், அதற்குத் தெரியவில்லை. முறையிட்டோம். மறுநாளே பணத்தைத் திருப்பித் தந்தார்கள், எழுத்தைத் திருத்தித் தரவில்லை.

(எல்லா நிறுவனங்களும் இப்படியல்ல என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனில், தமிழில் குறிப்பெழுத விரும்புவோர் முழு நூலுக்குப் பணம் கட்டுமுன் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றும் வருகிற ஒரு பக்கத்தை அச்சிட்டு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். திரையை நம்ப வேண்டாம்.)

இணைய நிறுவனங்களிடம் படங்களையே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணமும் எங்களுக்கு இல்லை. நூறாண்டுப் பெயர் கொண்ட கோடாக் நிறுவனம் நடத்திவந்த கோடாக் கேலரி 2012இல் மூடப்பட்டது. 2014 செப்டம்பர் 30இல் ஆர்க்குட் மூடப்பட்டபோது எங்கள் கல்லூரி நாள் படங்கள் சில அதோடு போயின. எடுத்துக்கொள்ள அவகாசம் தந்தார்கள், நாங்கள்தான் எடுக்கவில்லை.

அடுத்து, சிதம்பரத்தில் தேர்வீதி ஒன்றில் உள்ள ஸ்டூடியோ. திருமணப் படங்களை எடுத்த பழைய ஸ்டூடியோ இப்போது இல்லை. அவ்விடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. நெகட்டிவ்கள் என்ன ஆயின என்று கேட்டுப் பயனில்லை. வெள்ளியைப் பிரித்தெடுப்போரிடம் பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்டுவிட்ட ஸ்டூடியோக்கள் தமிழ்நாட்டில் பல. (புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் படியெடுத்தது இப்படி எஞ்சியவற்றைக் காப்பதற்கே.)

நாங்கள் போன ஸ்டூடியோவை நடத்துகிறவர் அறுபதைக் கடந்தவர். கணினி வேலையை ஓர் இளைஞர் பார்க்கிறார். பெரியவர் எங்கள் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சுனாமிக்குப் பின் வந்த வாரங்களைப் பற்றிச் சொன்னார். கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடக் குழுப்படத்தை நீட்டி, ஐம்பது பிள்ளைகளுக்கிடையே ஒரு முகத்தைச் சுட்டி, இதை மட்டும் பெரிதாக்கித் தாருங்கள் என்று கேட்டார்களாம். மிளகளவு முகத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தாம் தெரியும். தெரிந்தே போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். "காசு வாங்கல சார்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஸ்கேன் செய்வதை அங்கேயே செய்வது என்று தீர்மானித்தோம். அஞ்சலட்டை அளவுப் படம், அதாவது நான்கு அங்குலத்துக்கு ஆறு, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 போதும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே படத்தை நீளத்திலும் அகலத்திலும் இருமடங்காக்கலாம். உறவினர்கள் தங்களிடமுள்ள படங்களைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியபோது சிக்கல் எழுந்தது. வாட்ஸப் படத்தைச் சுருக்கியே அனுப்பும். நீளவாட்டில் 1600 புள்ளியாகச் சுருங்கி வந்தால் ஐந்தேகால் அங்குலத்துக்குமேல் தெளிவாக அச்சாகாது. அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. நெய்வேலி அத்தைக்கு இதைத் தொலைபேசியில் விளக்க ஒரு முழு மாலைப்பொழுது செலவாயிற்று. கடைசியில் அவர் படங்களைப் பேருந்தில் கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிட்டார்.

இளைஞர் விரைவாக வேலை செய்தார். முதல் நாள் மாலை நாற்பது படங்களை முடித்துக் காட்டினார். பின்புறங்கள் எங்கே என்று கேட்டோம்.

"பின்னாடி எதுக்கு சார்? எழுத்துதானே இருக்கு?"

எழுத்துதான் இருந்தது. அப்பா ஒவ்வொரு படத்தின் பின்னும் நீல மையில், அலுவலகக் கோப்பில் எழுதுவதுபோல் எழுதியிருந்தார். நாள், இடம், 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கிப் பெயர்கள். ஒரு படத்தின் பின்னால் பெயர் இல்லை, 'ரூ. 4.50, பாக்கி உண்டு' என்று மட்டும் இருந்தது. கொள்ளிடக்கரைப் படத்தின் பின்னால், 'மூத்தவளுக்குக் காய்ச்சல், ஆயினும் சிரித்தாள்'. ஆல்பத்தில் இருந்த நாற்பது ஆண்டுகளும் இவ்வெழுத்தை நாங்கள் கண்டதில்லை. வெள்ளம் வந்து படங்களைக் கழற்றியதால் கண்டோம். பசை அட்டையில் ஒட்டியிருந்த வண்ணப் படங்களின் பின்புற எழுத்து பசையோடு போய்விட்டது. அவற்றில் இருப்போர் பலர் இன்று பெயரற்றவர்கள்.

உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவர் பதிப்பித்த நூல்களின் முன்னுரையைப் படித்தவர்கள் அறிவார்கள்: எந்த ஏடு எவ்வூரில் எவரிடமிருந்து கிடைத்தது என்பதைச் சலிக்காமல் பட்டியலிட்டிருப்பார். மாணவப் பருவத்தில் நாம் அப்பக்கங்களைத் தாண்டிப் பாடலுக்குப் போய்விடுவோம். பாடல் அச்சாகிவிட்டபின், ஏடும் அழிந்தபின், அப்பட்டியல்தான் ஏடிருந்த வீட்டுக்கு வழி சொல்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறை ஒன்றில் செல்லரித்துக் கிடந்தன என்பது புராணச் செய்தி. அவ்வூரில் நின்றுகொண்டு படியெடுப்பதில் அலட்சியம் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. இளைஞரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பின்புறத்துக்கும் அதே கூலி தருவதாகச் சொன்னோம். மூன்றாம் நாள் அவரே, "சார், இதுல உங்கப்பா தேதிய அடிச்சிட்டு மாத்தி எழுதியிருக்காரு, பாத்தீங்களா?" என்று அழைத்துக் காட்டினார்.

நூலையும் அங்கேயே செய்திருக்கலாம். மூத்தவரின் விருப்பம் அதுவாகவே இருந்தது. திருமண ஆல்பங்களில் அவர்கள் தேர்ந்தவர்கள். உண்மையான ஒளிப்படத் தாளில் படத்தைப் பதித்து, மேலே மெல்லிய நெகிழிப் படலம் ஒட்டி, தடித்த அட்டைகளாக்கிக் கட்டுகிறார்கள். விரித்தால் நடுவில் மடிப்பு விழாமல் சமமாக விரிகிறது. கறுப்பின் ஆழமும் வண்ணத்தின் ஒளிர்வும் வேறெந்த முறையிலும் வராது. தமிழ் எழுத்தும் பிழையின்றி வரும்: அவர்கள் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்களில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்ட வேண்டும், வைத்த இடத்தில் அவை நிற்கும். கனத்தால் தாள்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்பதும், விலை மிகுதி என்பதும் குறைகள். வண்ணத்துப்பூச்சிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாதிரித் தாளில் அம்மா பேனாவால் எதையோ எழுத முயன்றபோது முடிவு மாறியது. படலத்தின்மேல் மை நிற்கவில்லை. விரலால் தொட்டதும் பரவிப் போயிற்று. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "இதுல எழுத முடியாதே" என்றார். அதுவரை எழுதுவது என்ற தேவை எங்கள் கணக்கில் இல்லை. குறிப்புகளை நாங்கள் எழுதித் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொடுப்போம், அம்மா பார்ப்பார் என்றே நினைத்திருந்தோம். பெயர் தெரியாத முகங்கள் இருபதுக்கு மேல். அவற்றுக்கு என்ன அச்சிடுவது?

மூன்றாவதாகப் புதுச்சேரியில் உள்ள ஒரு டிஜிட்டல் அச்சகத்துக்குப் போனோம். சிற்றிதழ் நண்பர் ஒருவர் தம் கவிதைகளை முப்பதே படிகள் அச்சிட்டுக்கொண்ட இடம் அது (இருபது இன்னும் அவரிடம் இருக்கின்றன). அங்கே வடிவமைத்துத் தரமாட்டார்கள். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கொடுத்தால், கொடுத்தது கொடுத்தபடி அச்சாகும், யூனிகோட் சிதையாது. ஒரே படத்தை மூன்று தாள்களில் அச்சிட்டுக் கேட்டோம்: பளபளப்பான ஆர்ட் தாள், மங்கலான ஆர்ட் தாள், மேல்பூச்சு இல்லாத மேப்லித்தோ. மூன்றையும் அம்மாவிடம் கொடுத்து, வீட்டிலிருந்த பால்பாயிண்ட் பேனாவையும் கொடுத்தோம். முதலாவதில் முனை வழுக்கியது. இரண்டாவதில் எழுத்து விட்டுவிட்டு விழுந்தது. மேப்லித்தோவில் பள்ளிக்கூடத்து நோட்டில் எழுதுவதுபோல் எழுதினார். என்ன எழுதினார் என்று பார்த்தோம்: அப்பாவின் பெயர்.

மேப்லித்தோவில் படம் சற்று மங்கும், கறுப்பு சாம்பலாகும், முகத்தின் நிறம் அரைப்படி கூடிப்போகும். இவையெல்லாம் தெரிந்தே அதைத் தேர்ந்தோம். மூத்தவர் இன்றுவரை இதை ஏற்கவில்லை. அம்மாவின் கல்யாணப் புடவைச் சரிகை நூலில் தெரியவே இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு, உண்மைதான், தெரியவில்லை. அவர் திருமணப் படங்களை மட்டும் ஸ்டூடியோவில் தனியாகப் பெரிய அட்டை ஆல்பமாகப் போட்டுக்கொண்டார். அதில் சரிகை தெரிகிறது.

கட்டுமானத்தைப் பற்றி ஒன்று. பசையால் முதுகை ஒட்டும் கட்டு மலிவு. ஆனால் கடலோர ஊரின் வெப்பத்திலும் ஈரத்திலும் பசை நாளடைவில் இறுகி விரிசல் விடக்கூடும். அழுத்தி விரித்தால்தான் நிற்கும், விரித்தால் பக்கம் கழலும். பதினாறு பக்கங்களை ஒரு மடிப்பாக்கி நூலால் தைக்கும் கட்டைக் கேட்டோம். ஆறு மடிப்பு, 96 பக்கம். இடப்பக்கத்தில் படத்தின் பின்புறம், வலப்பக்கத்தில் படம் என்று வைத்ததால் 44 படங்களுக்கே இடம் வந்தது. படத்தின் கீழே மூன்று விரற்கடை வெற்றிடம். பெயர் தெரியாத ஒவ்வொரு முகத்துக்கும் அங்கே ஒரு கோடு. 214லிருந்து 44ஐத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் மூவருக்கும் இடையே அக்காலத்தில் நிகழ்ந்த பேச்சுவார்த்தைகளை இங்கே விவரிப்பது குடும்ப அமைதிக்கு நல்லதன்று. குழுப்படங்களின் முனைகளை வெட்டுவதில்லை என்பதில் மட்டும் மூவரும் தொடக்கத்திலிருந்தே ஒருமனம்.

ஐந்து படிகள் அச்சிட்டோம். ஐந்துக்கும் ஆன செலவு, ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றுக்கு ஆனதைவிடச் சற்றே கூடுதல். எங்கள் மூவருக்கும் ஒவ்வொன்று, அம்மாவுக்கு ஒன்று, நெய்வேலி அத்தைக்கு ஒன்று. பெங்களூர்ப் படி எந்த ஆற்றின் கரையிலும் இல்லை. ஸ்கேன் கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு ஊர்களில் இருக்கின்றன. தகரப்பெட்டியை எறியவில்லை. படியெடுத்தபின் பழைய ஏட்டைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்ட மரபின் விளைவைத் தமிழ் படித்தவர்கள் அறிவோம்.

எவரேனும் இதைப் படித்துவிட்டு எங்கே அச்சிடலாம் என்று கேட்டால், எதற்காக என்று திருப்பிக் கேட்போம். பேரக்குழந்தையின் ஓராண்டுக் கைப்பேசிப் படங்கள் என்றால் இணையமே சாலச் சிறந்தது. நாள்வரிசையும் பிழைக்காது, வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும். மணவிழா என்றால் ஊர் ஸ்டூடியோ. படங்களில் உள்ளவர்களின் பெயர் சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவரே இருக்கிறார், அவருக்கும் வயதாகிறது என்றால், எழுத முடிகிற தாள்.

நூல் வந்த அன்று அம்மா வலப்பக்கங்களை அதிகம் பார்க்கவில்லை. இடப்பக்கங்களைப் படித்துக்கொண்டே போனார். பாக்கி உண்டு என்ற இடத்தில் நிறுத்தி, "அதக் குடுத்தாச்சு" என்றார். இருபத்து மூன்றாம் படம் அவருடைய திருமணத்துக்கு முந்தைய நாள், கீழவீதி வீட்டுத் திண்ணையில் எடுத்தது. அவருக்குப் பக்கத்தில் தாவணியில் பூ வைத்த பெண் நிற்கிறார். அப்பா எடுத்த படமன்று என்பதால் பின்புறத்தில் எதுவும் இல்லை. அந்த இடப்பக்கம் வெறுமையாகவே அச்சாகியிருக்கிறது. அன்று மாலை அக்கோட்டின்மேல் ஒரு பெயரை எழுதினார். இரண்டு நாள் கழித்து நாங்கள் பார்த்தபோது அதை அடித்துவிட்டு அதன் பக்கத்தில் வேறொரு பெயரை எழுதியிருந்தார். அத்தையிடம் கேட்டோம், இரண்டு பேருமே அந்தத் தெருவில் இருந்தவர்கள்தான் என்றார்.